பிறர் வேலையில் பிழைத்த கூடம்: ஹால் லேபரட்டரியின் நாற்பத்தைந்து ஆண்டுகள்

1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று கேம் பாய் கருவிக்காக ஒரு சின்ன விளையாட்டு ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. உருண்டை உடம்பு, இரண்டு கண்கள், குட்டைக் கால்கள். வாயைத் திறந்தால் எதிரில் நிற்பதை எல்லாம் உறிஞ்சி விழுங்கிவிடும் ஒரு பிராணி. கிர்பி என்று பெயர். அந்த முதல் விளையாட்டு உலகெங்கும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதே ஆண்டில், அதை உருவாக்கிய ஹால் லேபரட்டரி நிறுவனம் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நீதிமன்றப் படி ஏறியது.

வாழ்நாள் வெற்றியும் திவாலும் ஒரே வருடத்தில் எப்படி வந்து சேர்ந்தன? விழுந்த நிறுவனம் எப்படி எழுந்தது? வீடியோ கேம் வரலாற்றை எழுதுபவர்கள் பலரும் இதற்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்: சடோரு இவாடா. பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான அந்த மனிதரின் திறமையைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆனாலும் அந்தப் பதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. ஹாலின் நெருக்கடி பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இவாடாவே பேட்டிகளில் சொன்னவை. அவர் மறைந்த பிறகு 2019-இல் நண்பர் ஷிகேசாடோ இடோயின் ஹோபோனிச்சி நிறுவனம் தொகுத்து வெளியிட்ட புத்தகம் வழியாகப் பரவியவை. அந்தக் கெட்ட நாட்களில் வேலையை விட்டுப் போனவர்களும், வாராக் கடனைக் கணக்கில் எழுதிய வங்கிக்காரர்களும் புத்தகம் போடவில்லை. ஜெயித்தவர் வாய்மொழியாகவே ஒரு வரலாறு கிடைக்கும்போது, அவர் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும், அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த உண்மை அது என்பதை மறந்துவிடக் கூடாது.

தொடக்கம் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், செய்பு பல்பொருள் அங்காடியின் கணினிப் பிரிவில். 1970-களின் கடைசியில் தனிநபர் கணினி என்பது சம்பளக்காரர் கைக்கு எட்டாத பொருள். வாங்க முடியாத இளைஞர்கள் கடையில் காட்சிக்கு வைத்திருந்த கணினிகள் முன்னால் மணிக்கணக்கில் நின்று புரோகிராம் எழுதினார்கள். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இவாடாவும் அங்கே வாடிக்கையாக வந்தவர். அவரிடம் சொந்தமாகவே ஒரு கமடோர் பெட் கணினி இருந்தது. எழுதியதைக் காட்டவும் பேசவும் ஆள் வேண்டியிருந்தது. கடையில் வேலை பார்த்த ஒருவர், தான் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லி இந்த இளைஞர்களைக் கூப்பிட்டார். 1980 பிப்ரவரியில் ஹால் பதிவானது. அகிஹபாராவில் ஒரு சிறு அடுக்குமாடி அறைதான் அலுவலகம். பகுதிநேரமாகச் சேர்ந்த இவாடா 1982-இல் படிப்பு முடிந்ததும் அங்கேயே முழுநேர ஊழியர் ஆனார். அவருடைய தந்தை ஹொக்கைடோவில் முரோரான் நகரின் மேயர். பெயர் தெரியாத ஒரு கம்பெனிக்கு மகன் போனதில் அவருக்குக் கோபம். மாதக்கணக்கில் பேசவில்லை என்று இவாடா சொல்லியிருக்கிறார்.

அந்தக் கம்பெனி முதலில் விற்ற சரக்கு விளையாட்டு அல்ல, ஒரு மின்னணுப் பெட்டி. அன்றைய கணினிகள் பல தம்மிடம் ஏற்கெனவே பொதிந்திருந்த எழுத்துகளையும் குறிகளையும் மட்டுமே திரையில் காட்டும். படம் வரைய வழியில்லை. ஹால் செய்த பெட்டியைப் பின்னால் இணைத்தால், ஓர் எழுத்து அடைத்துக்கொள்ளும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தை நமக்கு வேண்டியபடி மாற்றி வரையலாம். 'அ' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விண்கலம் வந்து நிற்கும். இருக்கிற கருவி செய்யாததை அதன் ஓரத்தில் எதையாவது ஒட்டிச் செய்யவைப்பது என்ற இந்தப் புத்தி ஹாலின் ரத்தத்திலேயே ஊறிப்போனது. நாற்பது வருடம் கழித்தும் அது தெரிகிறது.

பெட்டியை விற்க அதில் ஓடும் விளையாட்டுகள் வேண்டும். கேம் நிலையங்களில் கூட்டம் சேர்த்த நாம்கோவின் விளையாட்டுகளைப் பார்த்து, அதே மாதிரி எழுதினார்கள். 1981-இல் கமடோரின் விக்-20 கணினிக்கு ஹால் எழுதிய 'ஜெல்லி மான்ஸ்டர்ஸ்' பார்த்த உடனே பேக்-மேன் என்று தெரியும். அமெரிக்காவில் அந்த விளையாட்டின் வீட்டு உரிமை அட்டாரியிடம் இருந்ததால் தகராறும் வந்தது. காப்பியடித்துத் தொழில் கற்ற காலம் என்று இதைச் சொல்லிவிடலாம். அன்றைய ஜப்பானில் யார்தான் அப்படிக் கற்கவில்லை? பின்னால் ஹால் நாம்கோவிடமே முறையாக உரிமம் வாங்கிக்கொண்டது.

1983 ஜூலையில் நிண்டெண்டோ 14,800 யென்னுக்கு ஃபேமிகாம் கன்சோலை இறக்கியது. அதன் மூளையாக இருந்த ரிக்கோ சில்லு, பெட் கணினியில் இருந்த 6502 வகையைச் சேர்ந்தது. நிண்டெண்டோவின் ஆட்களுக்கே அந்த வகை புதிது. இவாடாவுக்கோ அது தலைகீழ்ப் பாடம். அவர் கியோட்டோவில் நிண்டெண்டோவிடம் போய் வேலை கேட்டார். கிடைத்ததெல்லாம் அவர்களுடைய ஆட்கள் பாதியில் விட்டதும், கைக்கு எட்டாமல் கிடந்ததும். 1984-இல் 'பின்பால்', அதே வருடம் 'கோல்ஃப்', அடுத்த வருடத் தொடக்கத்தில் 'பலூன் ஃபைட்'. உறையில் நிண்டெண்டோ பெயர் மட்டும் இருந்தது. கோல்ஃப் விளையாட்டில் 18 குழிகளையும் ஒரு கேட்ரிட்ஜுக்குள் அடக்க முடியாது என்று மற்றவர்கள் கைவிரித்த வேலையைத் தரவுகளைச் சுருக்கி அடக்கிக் காட்டியவர் இவாடா.

பலூன் ஃபைட் விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு பலூன்களைக் கட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும் ஒரு பொடியன். பொத்தானை அழுத்தினால் கையைச் சிறகடித்து மேலே போவான். இதையே கேம் நிலைய இயந்திரத்துக்கும் எஸ்ஆர்டி என்ற நிறுவனம் தனியாகச் செய்துகொண்டிருந்தது. அந்த இயந்திரம் விலை கூடியது. ஆனால் சின்ன ஃபேமிகாமில்தான் பொடியன் வழுக்கிக்கொண்டு மிதந்தான், பெரிய இயந்திரத்தில் வெட்டி வெட்டி நகர்ந்தான். காரணம் தெரியாமல் எஸ்ஆர்டியின் தோஷிஹிகோ நகாகோ, இவாடாவிடமே கேட்டார். பதில் மிக எளியது. திரையில் புள்ளி முழு எண்ணாகத்தான் நகரும். ஆனால் பொடியன் எங்கே இருக்கிறான் என்ற கணக்கை உள்ளே முழு எண்ணில் வைத்திருக்கத் தேவையில்லை, பின்னத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கணமும் கால் புள்ளி, அரைக்கால் புள்ளி என்று சேர்ந்து சேர்ந்து, முழுப் புள்ளி ஆனதும் உருவம் நகரும். வேகம் சிறுகச் சிறுகக் கூடுவதும் குறைவதும் கண்ணுக்குத் தெரியும். நகாகோ அதைக் கற்றுக்கொண்டு போனார். 1985 செப்டம்பரில் வெளியான 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் மேரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்களில் அந்தக் கணக்கு வேலை செய்கிறது. நீந்தியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அவர்களில் ஹால் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

ஒப்பந்த வேலையின் குணமே அதுதான். கூலி வரும், புகழ் வராது. விளையாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் வரும்படியில் பெரும்பங்கு வெளியிட்டவருக்கே போகும். ஆகவே 1980-களின் நடுவில் ஹால் தன் பெயரிலேயே வெளியிடவும் தொடங்கியது. 'எக்கர்லேண்ட்' என்ற புதிர் விளையாட்டு வரிசை (மேற்கில் 'லோலோ' என்று அறியப்பட்டது), 1987-இல் 'ஏர் ஃபோர்ட்ரஸ்' எல்லாம் அப்படி வந்தவை. நல்ல விளையாட்டுகள். ஆனால் சொந்த வெளியீடு என்பது வேறு சூதாட்டம். கேட்ரிட்ஜ்களை நிண்டெண்டோதான் தயாரித்துத் தரும். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் பணத்தைக் கட்ட வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் முழுக்க வெளியீட்டாளர் தலையில்.

1991 ஆகஸ்டில் வந்த 'மெட்டல் ஸ்லேடர் குளோரி'தான் ஹாலைக் கவிழ்த்தது என்று ரசிகர்கள் சொல்வார்கள். யோஷிமிரு என்ற ஓவியர் முன்நின்று நடத்திய அறிவியல் புனைகதை விளையாட்டு அது. நான்கு வருட உழைப்பு. 8 மெகாபிட், அதாவது ஃபேமிகாமில் காண அரிதான அளவு கொண்ட கேட்ரிட்ஜ். பாத்திரங்கள் பேசும்போது உதடும் கண்ணும் அசையும் ஓவியங்கள். இன்று பார்த்தாலும் இந்தக் கருவியிலா இப்படி என்று தோன்றும். ஆனால் அது வெளிவருவதற்கு ஒன்பது மாதம் முன்பே சூப்பர் ஃபேமிகாம் கடைக்கு வந்துவிட்டது. பழைய கருவிக்காக நான்கு வருடம் இழைத்த வேலை, புதிய கருவி எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வந்து நின்றது. விளம்பரத்துக்குப் போட்ட பணம்கூடத் திரும்பவில்லை என்பார்கள்.

என்றாலும் ஒரு விளையாட்டு ஒரு கம்பெனியை மூழ்கடிக்கும் என்று நம்புவது கடினம். டோக்கியோவின் நிக்கெய் பங்குக் குறியீடு 1989-இன் கடைசி வர்த்தக நாளில் 38,915-இல் உச்சம் தொட்டு, பிறகு சரிந்துகொண்டே போன காலம் அது. பணம் மலிவாகக் கிடைத்தபோது கடன் வாங்கி நிலத்திலும் கட்டடத்திலும் போட்ட எத்தனையோ ஜப்பானிய நிறுவனங்களின் வரிசையில் ஹாலும் இருந்தது. யமனாஷி மாவட்டத்தில் அது ஒரு வளாகமே அமைத்துக்கொண்டது. இத்துடன் இவாடா விவரித்த இன்னொரு சுழலும் சேர்ந்தது: கையில் காசு இல்லை, ஆகவே விளையாட்டைச் சீக்கிரம் முடித்துக் கடைக்கு அனுப்பு, அவசரத்தில் முடித்தது விற்காது, விற்காததால் இன்னும் காசு இல்லை. மெட்டல் ஸ்லேடர் குளோரி இந்தச் சுழலுக்கு நேர் எதிரான தவறு, அவசரம் என்பதே இல்லாத வேலை. இரண்டு தவறுகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே நேரத்தில் நடந்தன. அந்தக் கூடத்தில் நல்ல புரோகிராமர்களுக்குப் பஞ்சமில்லை. எதற்கு எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் ஆள்தான் இல்லை என்று தோன்றுகிறது.

கடன் கொடுத்தவர்களுடன் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சமரசம் பேசி, ஒரு பகுதியைத் தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் நடைமுறை அன்றைய ஜப்பானியச் சட்டத்தில் இருந்தது. ஹால் அதில் தஞ்சம் புகுந்தது. கைகொடுக்க முன்வந்த நிண்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யாமாவுச்சி ஒரு நிபந்தனை வைத்ததாகச் சொல்லப்படுகிறது: இவாடா தலைவராக வேண்டும். 1993-இல், 33 வயதில், நிர்வாகம் என்றால் என்னவென்று படிக்காத ஒரு புரோகிராமர் 150 கோடி யென் கடனுடன் நாற்காலியில் உட்கார்ந்தார். வருடத்துக்கு 25 கோடி வீதம் ஆறு வருடத்தில் கட்டி முடித்தார்.

அவர் முதலில் செய்த காரியம் எண்பது தொண்ணூறு ஊழியர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனியாகப் பேசியது. சிலரிடம் இருபது நிமிடம், சிலரிடம் மூன்று மணி நேரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்தார். மேலாண்மைப் புத்தகங்கள் இந்தப் பழக்கத்தைக் கொண்டாடித் தீர்க்கின்றன. கொண்டாடட்டும். ஆனால் பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வருடா வருடம் 25 கோடி யென் அதிலிருந்து வராது. அது கிர்பியிலிருந்தும், நிண்டெண்டோவின் வெளியீட்டு வலிமையிலிருந்தும் வந்தது.

கிர்பியைப் படைத்த மசாஹிரோ சகுராய் அப்போது இருபது வயதைச் சுற்றி இருந்த இளைஞர். அவர் அதைச் செய்த விதத்தை 2017-இல் கிர்பியின் 25-ஆவது ஆண்டு விழாவில் சொன்னபோது தொழிலில் இருப்பவர்களே நம்பவில்லை. ஷார்ப் நிறுவனத்தின் ட்வின் ஃபேமிகாம் என்ற கன்சோலில், விசைப்பலகையே இல்லாமல், ஒரு டிராக்பால் உருண்டையை உருட்டி, திரையில் தெரியும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்களை உள்ளிட்டிருக்கிறார். கூடத்தில் கொடுத்த கருவி அதுதான். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டாராம். முழு விளையாட்டின் அளவும் மிகச் சிறியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு. உருண்டை வடிவமும் முதலில் தற்காலிகம்தான்: நல்ல உருவம் வரைந்து முடிக்கும் வரைக்கும் இடம்பிடிக்க வைத்த பந்து. பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போய் அதுவே நிலைத்தது.

இதன் முதல் பெயர் 'ட்விங்கிள் போப்போ'. ஹால் தன் பெயரிலேயே வெளியிடத் தயாராகி, கடைகளிடமிருந்து 26,000 பிரதிகளுக்கு ஆர்டரும் வாங்கிவிட்டது. அதைப் பார்த்த நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோடோ, இன்னும் கொஞ்சம் மெருகேற்றினால் எங்கேயோ போகும், இப்படியே விடுவது வீண் என்றார். கடனில் தத்தளிக்கும் கம்பெனி, கைக்கு வந்த ஆர்டரை ரத்து செய்தது. விற்பனைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மெருகேறி, பெயர் மாறி, நிண்டெண்டோவின் வெளியீடாக வந்த அதே விளையாட்டுதான் 50 லட்சம் தாண்டியது. சொந்தப் பெயரில் 26,000. பிறர் பெயரில் 50 லட்சம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஹால் அதற்குப் பிறகு ஏன் தன் பெயரில் வெளியிடுவதைக் கிட்டத்தட்ட விட்டே விட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1993-இல் ஃபேமிகாமுக்கு வந்த இரண்டாவது கிர்பியில், விழுங்கிய எதிரியின் சக்தியைத் தனதாக்கிக்கொள்ளும் வித்தை சேர்ந்தது. கிர்பி வரிசைக்கு இன்றைக்கும் அதுதான் அச்சாணி.

தவணை கட்டிய ஆறு வருடங்களில் ஹால் மறுபடி பிறர் வேலைக்கும் போனது, இம்முறை மருத்துவராக. இடோயின் 'மதர் 2' நான்கு வருடம் இழுத்து, ஓடாமல் நின்றுபோயிருந்தது. இவாடா பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார்: இருப்பதைத் திருத்தினால் இரண்டு வருடம், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதம். இரண்டாவது வழியில் போய் 1994 ஆகஸ்டில் அது கடைக்கு வந்தது. 'போகிமான்' முதல் பதிப்பின் சண்டைப் பகுதியை நிண்டெண்டோ 64-க்கு மாற்ற, குறிப்பேடு எதுவும் இல்லாமல் மூல நிரலை மட்டும் படித்து ஒரு வாரத்தில் ஓடவைத்தார். 1999-இன் 'போகிமான் தங்கம்', 'வெள்ளி' பதிப்புகளுக்குப் படங்களைச் சுருக்கும் நிரலை எழுதிக் கொடுத்ததும் பதிவில் உள்ளது. ஆனால், அந்தச் சுருக்கத்தால்தான் பழைய கான்டோ நிலப்பரப்பு முழுவதும் உள்ளே இடம்பிடித்தது என்று இணையத்தில் சுற்றும் கதை ரசிகர்கள் சேர்த்த மசாலா. நாயகனுக்கு அது தேவையும் இல்லை.

இந்த வேலைகளுக்கிடையே யமனாஷியின் ரியூவோ என்ற சிற்றூரில் இருந்த கூடத்தில், வார விடுமுறை நாட்களில் இன்னொன்று உருவாகிக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஒன்றாக ஆடும் சண்டை விளையாட்டு. சகுராய் திட்டமிட, இவாடா நிரல் எழுதினார். மற்றச் சண்டை விளையாட்டுகளைப் போல இதில் உயிர் குறைந்து சாவதில்லை. அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், ஏற ஏற இன்னும் தூரம் பறப்பீர்கள், திரைக்கு வெளியே போனால் அவுட். மாதிரிக்கு ஊர் பெயரையே வைத்திருந்தார்கள். முகமில்லாத உருவங்கள் மோதுவதில் உயிர் இல்லை என்று தோன்ற, மேரியோவையும் மற்ற நிண்டெண்டோ பாத்திரங்களையும் கேட்காமலேயே உள்ளே போட்டு, ஆட்டம் சரிப்பட்ட பிறகுதான் மியாமோடோவிடம் காட்டினார்கள். 1999 ஜனவரியில் 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' வந்தது. 50 லட்சத்துக்கு மேல் விற்றது. 2001-இல் வந்த அடுத்த பாகம் 'மிலீ' 70 லட்சம் தாண்டியது. அதற்குள் இவாடா நிண்டெண்டோவுக்குப் போய்விட்டார். ஆனாலும் மிலீ குறித்த நாளுக்கு முடியாது என்று தெரிந்ததும், மேலதிகாரி வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு யமனாஷிக்கு வந்து மூன்று வாரம் உட்கார்ந்து பிழை தேடினார்.

ஹாலின் கதையில் யாரும் அதிகம் பேசாத பகுதி இனிமேல்தான். 2000 ஜூனில் இவாடா போனார். 2002 மே 31 அன்று யாமாவுச்சி குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவராக நிண்டெண்டோவில் பொறுப்பேற்றார். 2003 ஆகஸ்டில் சகுராய் விலகினார். அவரோடு ஸ்மாஷ் பிரதர்ஸும் போயிற்று: 2008-இல் வந்த 'பிரால்' சகுராயின் சோரா நிறுவனம் வேறு ஆட்களைக் கொண்டு செய்தது, பிறகு வந்தவை பண்டாய் நாம்கோவின் கைவேலை. பெற்று வளர்த்து ஆளாக்கி, தாரை வார்த்துக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் நிலைதான். கிர்பியின் சில கையடக்கப் பதிப்புகளைக்கூட ஃப்ளாக்ஷிப் என்ற வெளி நிறுவனம் செய்தது.

2000-இன் 'கிர்பி 64'-க்குப் பிறகு வீட்டுக் கன்சோலுக்கான அடுத்த முறையான கிர்பி விளையாட்டை முடிக்க ஹாலுக்குப் பதினோரு வருடம் ஆனது. நடுவில் மூன்று முயற்சிகள் குப்பைக்குப் போயின: நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஒன்று, முப்பரிமாணத்தில் ஒன்று, விரித்தால் எழும்பும் படப்புத்தகம் போன்ற தோற்றத்தில் ஒன்று. முதலாவதை 2005-இல் பொதுக் கண்காட்சியில் காட்டியும்விட்டார்கள். இடைவெளியில், 2010-இல், நூலால் பின்னிய கிர்பியைத் தந்து பாராட்டு வாங்கியது குட்-ஃபீல் என்ற வேறொரு கூடம். மெட்டல் ஸ்லேடர் குளோரி நாட்களில் இப்படி ஒரு பதினோரு வருடம் நடந்திருந்தால் ஹால் என்ற பெயரே மிஞ்சியிருக்காது. இம்முறை மிஞ்சியது, நிண்டெண்டோ பொறுத்துக்கொண்டது, தலைமையில் இருந்தவருக்கு அந்தக் கூடத்தின் ஒவ்வொரு மேசையும் தெரியும். இதைச் சலுகை என்றும் சொல்லலாம், நட்பு என்றும் சொல்லலாம். கைவிட்ட மூன்றிலும் கற்றதைச் சேர்த்து ஷின்யா குமாசாகி இயக்கிய விளையாட்டு 2011-இல் வீ கன்சோலுக்கு வந்தது.

முப்பரிமாணக் கிர்பி முழுமையாகச் சாத்தியமாக இன்னும் பதினோரு வருடம் பிடித்தது. உருண்டைக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தூரத்திலிருந்து தெரியாது என்பதே பெரிய சிக்கல்களில் ஒன்று. 2022 மார்ச்சில் ஸ்விட்சுக்கு வந்த அந்த விளையாட்டில், மனிதர் கைவிட்ட நகரமொன்றில் கிர்பி ஒரு பழைய காரை வாயில் கவ்விக்கொண்டு அதன் வடிவத்திலேயே உருண்டோடும். அந்த ஆண்டு முடிவதற்குள் 60 லட்சத்துக்கு மேல் விற்று, வரிசையிலேயே அதிகம் விற்றதாக ஆனது. முதல் கிர்பியின் சாதனையை முறியடிக்க முப்பது வருடம்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் ஹால் நிண்டெண்டோவின் துணை நிறுவனம் அல்ல. 2001-இல் கிர்பி கார்ட்டூன் தொடருக்காக இருவரும் சேர்ந்து வார்ப்ஸ்டார் என்ற கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். கிர்பியின் உரிமையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. முழுச் சுதந்திரமும் இல்லை, முழு அடிமைத்தனமும் இல்லை. ஆராய்பவர்கள் சிலர் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். கடன் நோட்டீஸ் பார்த்த கம்பெனிக்கு இது விவேகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் விலை இல்லாத விவேகம் அல்ல. சொந்தச் சிந்தனை எட்டிப் பார்ப்பதெல்லாம் சின்ன அளவில்தான்: பெட்டிகளை நீட்டிப் பாதை போடும் 'பாக்ஸ்பாய்' 2015-இல், கைபேசிக்கென்று ஹால் எக் என்ற சொந்த முத்திரையில் 2017-இல் வந்த, பறக்கும் தட்டு ஒன்று கூலி வேலைக்குப் போகும் விளையாட்டு. இரண்டும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டிலும் பழைய எட்டுக்கு எட்டுக் கட்டத்தின் குறும்பு இருக்கிறது.

இவாடா 2015 ஜூலை 11 அன்று மறைந்தார். சகுராய் 2025 நவம்பரில் மறுபடி ஒரு கிர்பி விளையாட்டை இயக்கி முடித்தார், 'ஏர் ரைடர்ஸ்' என்று. 2003-இல் ஹாலை விட்டுப் போவதற்கு முன் அவர் அங்கே இயக்கிய 'ஏர் ரைட்' விளையாட்டின் தொடர்ச்சி அது. இம்முறை அதை உருவாக்கியது ஹால் அல்ல, பண்டாய் நாம்கோவும் சோராவும்.